ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் நாலு மணி

“இந்த மஞ்சள் எங்கேர்ந்து வருது?” என்று சிந்தியா அக்கா கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வைட்ஃபீல்டில் ஒரு விளக்குக் கம்பெனிக்காக ஷோரூம் அமைத்துக்கொண்டிருந்தோம். சுவர்களை வடிவமைப்பது என் வேலை. விளக்குகளையும் சென்சார்களையும் இணைத்து ஓடவைப்பது அவர் வேலை. அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் அதைக் கேட்டார்.

“எங்கேர்ந்தும் வரல. அது ஒரு வடிவம், அவ்வளவுதான்” என்றேன்.

“வடிவம் சரி. வெளிச்சம்னா எங்கேர்ந்தாச்சும் வந்தாகணும் இல்ல?”

“இது அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட் மாதிரி, மேம். இதுல எதுவும் எதையும் காட்டாது. ஒரு வடிவத்துகிட்ட கைய கொண்டு போனா அதுக்குப் பின்னாடி இருக்கிற லைட் எரியும்.”

“மேம் கீம்லாம் பேடா. அக்கான்னு கூப்பிடு. எதையும் காட்டாதுன்னா ஜனம் எதுக்குக் கைய கொண்டு போகும்?”

“அழகா இருக்குன்னு.”

“அழகாதான் இருக்கு. எங்க சர்ச் ஃபீஸ்டுக்குப் போடற பந்தல்கூட அழகாதான் இருக்கும். ஒருத்தரும் தொட்டுப் பாக்கமாட்டாங்க.”

அப்போது அவர் போன் அடித்தது. மணியைப் பார்த்தார். நாலு. ஒரு கேபிள் உருளையின்மேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார்.

“சொல்லு லீனா… ஆமாண்டி, வந்துருச்சு. இப்பத்தான் ஃப்ரிட்ஜ் கைப்பிடிய தொட்டுச்சு… இல்ல இல்ல, மேகம்லாம் இல்ல, நல்லா சுள்ளுனு அடிக்குது… கேரல்கிட்ட சொல்லு, பெரியம்மா அவளுக்கு மிச்சம் வெச்சிருக்கான்னு.”

நான் சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல்களையெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடியிருந்தோம். வெளியே மழை கொட்டும் சத்தம். ஏணிகளும் அட்டைப்பெட்டிகளும் தவிர அங்கே எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜ் நிச்சயமாக இல்லை.

போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “கேட்டுட்டியா?”

“இல்ல.”

“உனக்குப் பொய் சொல்ல வரல. எனக்கு நல்லா வரும். நாலு வருஷ ப்ராக்டிஸ்.”

“யாரு அது?”

“என் தங்கச்சி. பெர்த்ல இருக்கா.”

“ஃப்ரிட்ஜ்னு சொன்னீங்களே?”

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜ். மர்பி டவுன்ல. அங்க இப்ப வெயில் வர்றதில்ல. அது அவளுக்குத் தெரியாது.” எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டார். “டிசம்பர்ல வர்றா. ஒம்பது வருஷம் கழிச்சு. சரி, உன் மஞ்சளுக்கு எத்தன வாட் வேணும், அத சொல்லு.”

*

சிந்தியா அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடமாக ஒரே விளக்கு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. பில் போடும் பெண்ணாகச் சேர்ந்தவர், பழுதாகித் திரும்பி வந்த டிம்மர்களைச் சும்மா இருந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கத் தொடங்கி, பிறகு கட்டடம் கட்டடமாகப் போய் விளக்குகளுக்கு உயிர் கொடுக்கும் ஆளாகிவிட்டார். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஸ்க்ரூடிரைவர், கறுப்பு டேப், இருமல் மிட்டாய், ஜெபமாலை. ஏணியில் நிற்கும்போது கன்னடத்தில் திட்டுவார். எண்களை ஆங்கிலத்தில் சொல்வார். ஃப்யூஸ் போனால் மட்டும் தமிழில் மாதாவைக் கூப்பிடுவார்.

வீட்டில் அவர் தனியாக இருந்தார். அதை யாரும் கேட்கும் முன் அவரே சொல்லிவிடுவார். “நான் சிங்கிள். கரன்ட்டும் சிங்கிள் ஃபேஸ்தான். பிரச்சினை இல்ல.”

அவர் இருக்கும் புகைப்படங்கள் குறைவு. ஞானஸ்நானம், கல்யாணம், கிறிஸ்துமஸ் குடில் என்று எது நடந்தாலும் வெளிச்சம் அவர் பொறுப்பு என்பதால், படம் எடுக்கும்போது அவர் ஏதாவது ஒரு ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். லீனாவின் கல்யாண ஆல்பத்தில் அவருடைய முழங்கை ஓர் இடத்தில் வந்திருக்கிறது. அதை எனக்குப் பெருமையாகவே காட்டினார்.

நாங்கள் இருவரும் மெட்ரோவில்தான் திரும்புவோம். அவர் அல்சூரில் இறங்குவார். நான் மெஜஸ்டிக் போய் மாறி மல்லேஸ்வரம் போக வேண்டும். நான் அதிகம் பேசமாட்டேன். அது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த முதல் ஞாயிறன்றே, வைட்ஃபீல்டிலிருந்து அல்சூர் வருவதற்குள், வெயில் கதையை முழுவதும் சொல்லிவிட்டார்.

அவருடைய அப்பா மெஷின் தொழிற்சாலையில் இருந்தபோது வாங்கிய வீடு. முன்னறை ஒன்று, பின்னால் சமையலறை, அவ்வளவுதான். முன்னறையின் மேற்குச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு வென்டிலேட்டர். அதில் வரிசையாக மூன்று கண்ணாடிகள். பிற்பகல் மூன்றரைக்கு அதன் வழியாக வெயில் வந்து எதிர்ச்சுவரின் அடியில் விழும். சூரியன் இறங்க இறங்க, அது சுவரில் ஏறும். முதலில் தரை. பிறகு தையல் மெஷின். நாலு மணிக்கு ஃப்ரிட்ஜ் கைப்பிடி. பிறகு காலண்டர். ஐந்து மணிக்குக் கூரையோரம் மெலிந்து போய்விடும். அக்கா தங்கைகள் கடிகாரத்தைப் பார்த்து வளரவில்லை. வெயில் தையல் மெஷினுக்கு வந்தால் டியூஷனுக்குக் கிளம்ப வேண்டும். காலண்டருக்கு வந்தால் அப்பாவின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது, புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுக் கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல். ஒரு பல்லியை அடிக்க லீனா செருப்பை எறிந்ததால் வந்தது. அப்பா அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். அதனால் சுவரில் ஏறும் மூன்று மஞ்சள் கட்டங்களில் நடுவில் இருப்பதற்கு மட்டும் ஒரு சாய்ந்த கறுப்புக் கோடு உண்டு. அதற்கு வீட்டில் பெயரே ‘செருப்புக் கோடு’.

லீனா கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனார். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது அங்கே ஆறரை மணி, இங்கே நாலு. அப்போது கூப்பிடுவார். ஊரடங்கு வருஷத்தில் அம்மா இறந்தபோது விமானம் இல்லை. சிந்தியா அக்கா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு தங்கைக்கு எல்லாவற்றையும் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு லீனா கேட்டது ஒரே கேள்வி. “இன்னிக்கு வெயில் வந்துச்சா?” வந்தது. அம்மாவின் கட்டில் கால்வரைக்கும் வந்தது. அதை அக்கா சொன்னார். “அதாச்சும் அங்க இருக்கே” என்றார் லீனா.

“அது நிஜம்” என்றார் அக்கா ரயிலில். “அன்னிக்கு நிஜமாவே வந்துச்சு.”

அந்த டிசம்பரில் வெயில் கூரையோரம் மாட்டியிருந்த அம்மாவின் படத்தையும் தொட்டது. அடுத்த வருஷம் மேற்கே இருந்த வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்பினார்கள். இரண்டு சுவர்களுக்கும் இடையே மூன்றடிச் சந்துதான் மிஞ்சியது. இரண்டாவது மாடி எழும்பிய வாரத்தோடு வெயில் நின்றுபோனது. அந்த ஞாயிறு லீனா கூப்பிட்டு, “எங்க இருக்கு இப்போ?” என்றபோது, அக்கா இருண்ட சுவரைப் பார்த்துக்கொண்டே, “ஃப்ரிட்ஜ்கிட்ட” என்றார். அவ்வளவுதான் தொடக்கம்.

“சொல்லிருக்கலாமே, அக்கா.”

“எப்படி சொல்றது? வீட்ல அவளுக்குன்னு மிச்சம் இருந்தது அதுதான். அதையும் அடைச்சுட்டாங்கன்னு சொல்றதா?”

*

அடுத்த வாரம் என் வரைபடம் நிராகரிக்கப்பட்டது. விளக்குக் கம்பெனியின் சார்பில் முடிவெடுப்பவர் சாய்கிருஷ்ணா. சென்னையில் படித்தவர். கோபப்படாமல் கெடுபிடியாகப் பேசுவார். வட்டங்களையும் கோடுகளையும் சதுரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “பெயின்டிங் நல்லா இருக்கு, தாரணி. என் கஸ்டமர் முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவார். அவர் கைய நீட்டறதுக்கு ஒரு காரணம் வேணும். அத வரைங்க” என்றார்.

சிந்தியா அக்கா கேட்ட அதே கேள்வி. நான் நாலு நாள் காகிதங்களைக் கிழித்தேன். ஐந்தாம் நாள், மதியச் சாப்பாட்டின்போது, பச்சைமிளகாயைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த அக்காவிடம், அந்த வெயில் சுவரில் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தார். மார்க்கரை எடுத்தார். யோசிக்கவே இல்லை. அடியில் மூன்று கட்டங்கள், வலப்பக்கம் சரிந்தவை, அகலமானவை. அவற்றுக்கு மேல் மீண்டும் மூன்று, கொஞ்சம் நிமிர்ந்தவை. அதற்கு மேல் மூன்று, குறுகியவை. இப்படி ஏழு வரிசை. ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தக் கறுப்புக் கோடு, மேலே போகப் போகச் சாய்வு மாறியது. ஃப்ரிட்ஜையோ தையல் மெஷினையோ அவர் வரையவில்லை. வெளிச்சம் மட்டும்தான்.

எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒருவர் வரைந்தது. நான் வாரக்கணக்காக வரைய முயன்றதும் அதுதான் என்று எனக்குப் பட்டது.

“இத எடுத்துக்கலாமா, அக்கா? ஷோரூமுக்கு?”

“சும்னே அட்டைதானே. எடுத்துக்கோ.” பிறகு மூடியைத் தேடி மார்க்கரில் மாட்டிக்கொண்டே, “இது இங்க ஓடுச்சுன்னா அங்கயும் ஓட்டிடலாம் இல்ல?” என்றார்.

அப்போது எனக்குப் புரியவில்லை. டிசம்பருக்குள் அந்த வெயிலைத் தன் வீட்டுச் சுவருக்குத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க அவருக்கு ஒரு ஒத்திகை தேவைப்பட்டிருக்கிறது.

புதிய வடிவமைப்பை சாய்கிருஷ்ணா ஒப்புக்கொண்டார். ஷோரூமின் நீளச் சுவர் முழுக்கச் சரிந்த கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு நேரம். விடிகாலை, நடுப்பகல், மழைக்கு முந்தைய இருட்டு. கையை அருகே கொண்டு போனால் அந்த நேரத்து வெளிச்சம் எதிரே ஒரு வெற்றுச் சுவரில் விழும். எந்தெந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும், எப்படி மாற வேண்டும் என்று சேமித்து வைப்பதை அந்தத் தொழிலில் ‘சீன்’ என்கிறார்கள். மொத்தம் ஒன்பது சீன். ஒன்பதாவது, மர்பி டவுன் பிற்பகல். சாய்கிருஷ்ணாவுக்கு அது வெறும் ‘மாலை’.

“இந்தக் கறுப்புக் கோடு எதுக்கு?” என்று அவர் கேட்டார்.

செருப்பு என்று சொல்ல முடியுமா? “அது இருந்தாதான் சார், வெளிச்சம் நகர்றது கண்ணுக்குத் தெரியும்” என்றேன். அதுவும் உண்மைதான்.

*

அக்டோபர் கடைசியில் சாய்கிருஷ்ணா பார்வையிட வந்தார், கூட ஆறேழு பேர். எட்டு சீன்களும் ஒழுங்காக ஓடின. ஒன்பதாவதுக்குக் கையை நீட்டினார். எதிர்ச்சுவரின் அடியில் மூன்று மஞ்சள் கட்டங்கள் வந்தன. காத்திருந்தார்.

“அவ்ளோதானா? ஹேங் ஆயிடுச்சா?”

“இல்ல சார், ஓடுது” என்றார் சிந்தியா அக்கா.

“எங்க ஓடுது?”

“பாத்துக்கிட்டே இருங்க சார்.”

சுவரைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். “எவ்வளவு நேரம் பாக்கணும்?”

“ஒன்றரை மணி நேரம்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. “சிந்தியா, ஒரு பேனல் முன்னாடி கஸ்டமர் ஏழெட்டு செகண்ட் நிப்பார்.”

“அது சூரியனுக்குத் தெரியாதே, சார்.”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர், கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர், அந்த ஒரு சீனை மட்டும் சுருக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

“எட்டு செகண்ட்” என்று சொல்லிவிட்டு சாய்கிருஷ்ணா அடுத்த அறைக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு அக்கா லேப்டாப்பைத் திறந்தார். எண்ணை மாற்றாமல் என்னைப் பார்த்தார். “மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி முழுசா ஓட்டிக்கறேன். நீ வேணும்னா போ.”

நான் போகவில்லை. இரண்டு அட்டைப்பெட்டிகளில் உட்கார்ந்தோம். வெளிச்சம் நகர்வது தெரியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் மட்டும், அது முன்பு இருந்த இடத்தில் இருக்காது. அக்கா வெற்றுச் சுவரைப் பார்த்து அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். “மெஷின் வந்துருச்சு.” ரொம்ப நேரம் கழித்து, “ஃப்ரிட்ஜ்.” பிறகு, “அப்பா கேட் திறக்கற சத்தம் கேக்கணும் இப்போ.” அங்கே எந்தச் சத்தமும் இல்லை, ஏசியைத் தவிர. கட்டங்கள் கூரையோரத்தை அடைந்ததும் எழுந்தார்.

பிறகு எண்ணை எட்டாக்கினார். வெளிச்சம் தரையிலிருந்து கூரைக்குச் சர்ரென்று ஓடியது.

“இது வெயில் இல்ல, ஆட்டோ” என்றார். “அதுவும் மீட்டர் போடாத ஆட்டோ.”

நவம்பரில் ஷோரூம் திறந்தது. ஒன்பதாவது பேனலுக்குத்தான் அதிகம் கை நீட்டுகிறார்கள் என்று சாய்கிருஷ்ணா எனக்கு எழுதினார். நான் போய் நின்று பார்த்தேன். ஒருவர் கையை எடுத்து எடுத்து வைத்தார். ஐந்து மாலைகள் வந்து போயின. நான் வெளியே வந்துவிட்டேன். அக்காவின் பிற்பகலை வாங்கி எட்டு செகண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்பது என்னை விட்டுப் போகவில்லை.

*

அந்த மாதக் கடைசியில்தான் மர்பி டவுன் வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். பகல் மூன்று மணிக்கு முன்னறையில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. தையல் மெஷினை மூடியிருந்த துணி, ஃப்ரிட்ஜ், காலண்டர், மேலே அம்மாவின் படம். எல்லாம் சொன்ன வரிசையில் இருந்தன. எனக்கு முன்பே தெரிந்த அறைபோல் இருந்தது.

“லீனாக்காவுக்கு அந்தக் கட்டடம் தெரியாதா?” என்று கேட்டேன். தெருமுனையிலிருந்தே தெரிந்தது அது.

“தெரியாம? ஆகாசத்தையே அடைச்சுக்கிட்டு நிக்குது. டாக்சிய விட்டு இறங்கினதுமே தெரிஞ்சுரும்.”

“அப்போ?”

“அப்போ என்ன? தெரிஞ்சுக்கட்டும். உள்ள வந்து உக்காந்தப்புறம் வெயில் வந்துச்சுன்னா, அவ கேக்கமாட்டா. எனக்கு அவளத் தெரியும்.”

பக்கத்துக் கட்டடத்தின் சுவரில், சந்துக்குள், ஒரு கப்பி மாட்டியிருந்தார். அதன்மேல் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு விளக்கு. விளக்கை வென்டிலேட்டருக்கு மேலிருந்து மெல்ல இறக்கினால் உள்ளே வெளிச்சம் ஏறும். முதல் முயற்சியில் கட்டங்கள் பெரிதாக, சுவரைத் தாண்டி விழுந்தன. சூரியன் இருக்கும் தூரம் வேறு, மூன்றடி வேறு. அக்கா கண்ணாடிகளின் ஓரங்களைக் கறுப்பு டேப்பால் அடைத்து அடைத்துச் சிறிதாக்கினார். விரிசல்மேல் அப்பா ஒட்டியிருந்த பழைய டேப்பில் மட்டும் கை வைக்கவில்லை. கயிற்றை இறக்க ஒரு மோட்டார் வைத்துப் பார்த்தார். ‘கிர்ர்’ என்றது.

“ம்ஹூம். சூரியன் சத்தம் போடாது” என்று கழற்றிவிட்டார்.

ஆக, கயிற்றை விட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நானானேன்.

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு. மூன்றேகாலுக்கே சந்துக்குள் போய் நின்றேன். நிமிடத்துக்கு அரை விரல் அளவு கயிறு விட வேண்டும். கயிற்றில் டேப் சுற்றி, பேனாவால் எழுதியிருந்தார்: தரை, மெஷின், ஃப்ரிட்ஜ், காலண்டர், அம்மா. நான் நின்ற இடத்திலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. மேலே எந்த வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. தண்ணீர்க் குழாய் ஒன்று என் காதருகே இரைந்தது. உள்ளே பேச்சுக் குரல்கள், டீ கிளாஸ்களின் சத்தம். பெர்த் விமானம், வெயில், லீனாவின் மகள் கேரலின் பள்ளிக்கூடம் என்று என்னென்னவோ.

“பெரியம்மா, அந்த லைட் எங்க?” என்றது ஒரு சின்னக் குரல்.

“வரும்டா கண்ணு. உக்காரு.”

மூன்றரைக்கு விளக்கை எரியவிட்டேன். உள்ளே பேச்சு நின்றது.

கயிறு மெஷின் அடையாளத்தை நெருங்கியபோது ஒரு குரல் தனித்துக் கேட்டது. போனுக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்காத லீனாவின் குரல், இப்போது அருகில். “ஏய் சிந்தி, என் செருப்பு இன்னும் இருக்கு பாரு.” சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வேறாக மாறிற்று. அதன் பிறகு குழந்தை மட்டும், “இப்போ ஃப்ரிட்ஜ்! இப்போ ஃப்ரிட்ஜ்!” என்று கத்தியது. நான் மணியைப் பார்த்தேன். சரியாக நாலு. வாழ்க்கையில் எதையும் அவ்வளவு சரியாக நான் செய்ததில்லை.

காலண்டர் போயிற்று. கை வலித்தது. கடைசி அடையாளம் என் விரலுக்கு வந்தபோது லீனாவின் குரல், உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், வென்டிலேட்டரைப் பார்த்துச் சொன்னதுபோல் கேட்டது.

“அங்கியே கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லு.”

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஏழு நிமிடம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். அரை விரல்கூட விடவில்லை.

“போதும்” என்றார் லீனா.

விட்டேன்.

மூன்று வாரம் இருந்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கட்டடத்தைப் பற்றியோ, சந்தைப் பற்றியோ லீனா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அக்கா சொன்னார். விமானத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, ஆட்களைப் பார்க்காமல், சுவரைத்தான் பார்த்தாராம். ஒன்பது வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான்.

இப்போது நாங்கள் வேறொரு கட்டடத்தில் வேலை செய்கிறோம். ஞாயிறுகளில் நாலு மணிக்கு அவர் போன் அடிக்கிறது. “எங்க இருக்கு?” என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்குக் கேட்காது. பதில் மட்டும் கேட்கும். ஏணியில் நின்றபடியோ, ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்தபடியோ சொல்வார். “ஃப்ரிட்ஜ்கிட்டடி.” அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியும்.

அவர் என்னிடம் அந்த உதவியைக் கேட்டது, மோட்டாரைக் கழற்றிய அன்று. சந்தின் வாயில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். ஆள் வேண்டும் என்றதும், நான், “கயிற நீங்களே விடுங்களேன், அக்கா. உங்க அளவுக்கு யாருக்கும் சரியா வராது” என்று சொல்லியிருந்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வென்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுருளை என் கையில் வைத்தார்.

“எனக்கு வரும், தாரணி. அதான் பிரச்சினையே. எங்க போனாலும் நான்தான் லைட்டுக்குப் பின்னாடி. அம்மாவ எடுத்துட்டுப் போனப்பகூட போனப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான்தான். லீனா வர்ற அன்னிக்கு நான் உள்ள, அவ பக்கத்துல உக்காரணும். அவளோட சேந்து பாக்கணும். உனக்குப் பேசாம இருக்க வரும், நான் பாத்திருக்கேன். அந்த ஒன்றரை மணி நேரம், எனக்குப் பதிலா நீ இங்க நிக்கிறியா?”